பத்திரிகை விற்ற பெண்: ஜீன் சீபேர்க்கின் கதை

ஜீன் சீபேர்க் என்ற பெயரை அறியாதவர்கள்கூட அந்தப் புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். பாரிஸின் ஷான்ஸ் எலிசே வீதி. பையன்களைப் போல ஒட்ட வெட்டிய தலைமுடியுடன் ஓர் இளம்பெண். மார்பிலே 'நியூயோர்க் ஹெரால்ட் ட்ரிபியூன்' என்ற எழுத்துக்கள் பொறித்த ரீசேர்ட், கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும் ஒடுங்கிய காற்சட்டை, கையில் ஒரு கட்டுப் பத்திரிகை. பத்திரிகையின் பெயரைக் கூவி விற்றபடி அவர் நடந்து வருகிறார். அருகில் ஒரு திருடன் பேச்சுக் கொடுத்தபடி நடக்கிறான். ஆறு தசாப்தங்களுக்கும் மேலாக இந்தப் படம் சுவரொட்டிகளிலும் சஞ்சிகை அட்டைகளிலும் ஆடை விளம்பரங்களிலும் திரும்பத் திரும்ப அச்சாகி வருகிறது.

திரைப்பட ரசிகர்கள் அந்தப் பெண்ணில் பிரெஞ்சுப் புதிய அலையைக் காண்கிறார்கள். நாகரிக உடை பற்றி எழுதுவோர் ஒரு பாணியின் பிறப்பைக் காண்கிறார்கள். செய்தி மேசையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் என் கண் அந்தக் கையிலுள்ள பத்திரிகைக் கட்டில்தான் போய் நிற்கும். பத்திரிகை விற்கும் பெண்ணாக உலகுக்கு அறிமுகமான இந்த நடிகையின் வாழ்வைக் குலைத்ததும் பத்திரிகையில் வந்த ஒரு பந்திதான். அந்தப் பந்தி எவ்வாறு எழுதப்பட்டது, எந்த மேசைகளைக் கடந்து அச்சுக்குப் போனது என்பது ஒவ்வொரு பத்திரிகையாளனும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

சீபேர்க் 1938 நவம்பர் 13 ஆந் திகதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மார்ஷல்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடைக்காரர். சுவீடனிலிருந்து குடியேறிய வழிவந்த, லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த, ஒழுங்கு தவறாத குடும்பம். அந்தச் சூழலில் வளர்ந்த பெண் பதினான்கு வயதில் கறுப்பின மக்களின் உரிமைகளுக்கான தேசிய சங்கத்தில் தானாகவே உறுப்பினராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அவரை 'யாரோ வழிகெடுத்த நடிகை' என்று எழுதியவர்கள் இந்தத் தகவலைக் கண்டுகொள்ளவேயில்லை.

1956 இல் ஓட்டோ பிரெமிஞ்சர் என்ற இயக்குநர் பேர்னாட் ஷோவின் 'செயின்ட் ஜோன்' நாடகத்தைப் படமாக்க முனைந்து, புதுமுகம் தேடி ஒரு பெரும் விளம்பரப் போட்டியை நடத்தினார். விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 18,000 பேர். தெரிவானவர் பதினேழு வயதுச் சீபேர்க். அந்தப் பாத்திரத்துக்காகவே அவரது தலைமுடி முதன்முதலில் ஒட்ட வெட்டப்பட்டது. பின்னர் உலகெங்கும் பெண்கள் பார்த்துப் பின்பற்றிய சிகையலங்காரம் எந்த அழகுக்கலை நிபுணரின் கற்பனையிலும் உதித்ததன்று. போர்க்களத்துக்குப் போன, பின்னர் தீயிலிடப்பட்ட ஒரு கிராமத்துப் பெண்ணின் வேடத்துக்காக வெட்டிய முடி அது.

தீ மூட்டும் காட்சியைப் படமாக்கும்போது எரிவாயு கட்டுமீறிப் பற்றியதால் அவருக்கு உண்மையாகவே தீக்காயம் ஏற்பட்டது. 1957 இல் படம் வெளிவந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் அவரை வேறொரு விதமாகச் சுட்டார்கள். மறு ஆண்டு, பிரான்சுவாஸ் சகானின் நாவலைக் கொண்டு பிரெமிஞ்சரே எடுத்த 'பொன்ஜூர் திரிஸ்தெஸ்' படத்துக்கும் அதே கதி. இருபது வயதுக்குள் இரண்டு தோல்விகள். ஹொலிவூட்டின் கணக்கில் அவர் முடிந்துபோன நடிகை.

ஆனால் பாரிஸில் சிலர் வேறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கையே து சினிமா' சஞ்சிகையைச் சுற்றியிருந்த இளம் விமர்சகர்கள் அந்த இரண்டாவது படத்தைக் கொண்டாடினார்கள். பிரான்சுவா த்ரூபோ சீபேர்க்கை வியந்து எழுதினார். ழான் லூக் கொதார் ஒரு படி மேலே போய், அந்தப் படம் முடிந்த இடத்திலிருந்து அதே பெண்ணின் கதையைத் தாம் தொடரலாம் என்றே எண்ணினார். அமெரிக்காவில் கண்டனமாகிய விமர்சனம் பிரான்சில் வேலை வாய்ப்பாக மாறியது.

'மூச்சுத் திணற' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பைக் கொண்ட அந்தப் படத்தை நம்மில் பலர் 'பிரெத்லெஸ்' என்ற ஆங்கிலப் பெயராலேயே அறிவோம். அதன் கதைக் கருவும் ஒரு பத்திரிகைச் செய்திதான். 1952 இல் மோட்டார் சைக்கிள் பொலிஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற ஒருவனின் வழக்கு பிரெஞ்சுப் பத்திரிகைகளில் பரபரப்பாக வெளிவந்தது. அதிலிருந்து த்ரூபோ ஒரு கதைச் சுருக்கத்தை எழுதி வைத்திருந்தார். கொதார் அதை வாங்கிக்கொண்டு, 1959 ஒகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், எழுதி முடிக்காத திரைக்கதையுடன் வீதியில் இறங்கினார்.

சுயாதீனத் திரைப்படம் என்ற சொல்லை இன்று எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். அந்தப் படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் அச்சொல்லின் கனம் புரியும். ஒளிப்பதிவாளர் ராவுல் கூத்தார் இந்தோசீனப் போரில் படமெடுத்த புகைப்படக்காரர். மேலதிக விளக்குகள் இல்லை. குறைந்த வெளிச்சத்தில் படம்பிடிப்பதற்காக, நிழற்படக் கமராவுக்கென விற்கப்பட்ட குறுகிய பிலிம் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பயன்படுத்தினார்கள். நகரும் காட்சிகளுக்குத் தண்டவாளம் கிடையாது. ஒரு சக்கர நாற்காலியில் கூத்தாரை இருத்தி கொதாரே தள்ளினார். ஷான்ஸ் எலிசே காட்சிக்கு, தபால்காரர் தள்ளும் வண்டி ஒன்றுக்குள் கூத்தாரும் கமராவும் ஒளிந்திருந்தனர். காட்சியில் தெரியும் வழிப்போக்கர்கள் துணை நடிகர்கள் அல்லர். அன்று அந்த வீதியில் போனவர்கள். ஒலி பின்னர் சேர்க்கப்பட்டதால் நடிகர் நடித்துக்கொண்டிருக்கும்போதே கொதார் வசனத்தைச் சொல்லிக்கொடுப்பார்.

ஹொலிவூட்டின் கட்டுக்கோப்புக்குப் பழகிய சீபேர்க் முதல் நாளே கொதாருடன் முரண்பட்டு விலகிப்போக எண்ணினார். ஆனாலும் நின்றார். நின்றதோடு அமையாமல் இயக்குநரோடு வாதாடவும் செய்தார். சுடப்பட்டு விழுந்து கிடக்கும் காதலனின் பணப்பையை இறுதிக் காட்சியில் அந்தப் பெண் திருட வேண்டும் என்று கொதார் விரும்ப, அதைச் செய்ய முடியாது என்று மறுத்தவர் சீபேர்க். அந்த மறுப்பு படத்தைக் காப்பாற்றியது என்பது என் அபிப்பிராயம். பெட்ரீசியா காதலனைப் பொலிசாருக்குக் காட்டிக்கொடுக்கிறாள். ஏன் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. பணப்பையையும் எடுத்திருந்தால் அவள் வெறும் கள்ளியாகியிருப்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பில் திரைப்படக் கழகமொன்றின் காட்சியில்தான் இப்படத்தை நான் முதலில் பார்த்தேன். அன்று கவனத்தில் படாத ஒரு விடயம் பின்னர் பார்த்தபோது உறைத்தது. படத்தில் ஒரு வழிப்போக்கர் வருவார். பத்திரிகையில் வந்த படத்தையும் காருக்குள் இருக்கும் திருடனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பொலிசாரிடம் போய்ச் சொல்லுவார். அந்த வழிப்போக்கராக நடித்தவர் கொதாரேதான். பத்திரிகை, காட்டிக்கொடுப்பு, பொலிஸ் என்ற மூன்றும் இந்தப் படம் முழுவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகின்றன.

1960 மார்ச்சில் படம் வெளியானது. பேர்லின் திரைப்பட விழாவில் கொதாருக்குச் சிறந்த இயக்குநர் விருது. ழான் போல் பெல்மொண்டோ ஒரே படத்தில் நட்சத்திரமானார். பாரிஸ் பெண்கள் சீபேர்க்கைப் போல முடியை வெட்டிக்கொண்டார்கள்; கோடு போட்ட சட்டை அணிந்தார்கள். பெரும் ஆடையகங்களின் தயவில்லாமல், எவரும் வாங்கக்கூடிய உடையால் ஒரு நடிகை பாணியின் அடையாளமாவது அக்காலத்தில் புதிது. அலங்கார மேசையிலிருந்து எழுந்து வந்தவராக அல்லாமல் வேலைக்குப் புறப்பட்டவராக அவர் தோன்றினார். அந்தத் தோற்றத்தின் வசியம் அதுவென்றே நினைக்கிறேன்.

அடுத்த பத்தாண்டுகள் அவர் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே அலைந்தார். 1962 இல் எழுத்தாளர் ரொமெய்ன் காரியை மணந்தார். காரி இரண்டாம் உலகப் போரில் சுதந்திர பிரான்சின் விமானப் படையில் பணியாற்றியவர், இராஜதந்திரி, கொன்கூர் பரிசைப் பெற்றவர். (பின்னாளில் எமில் அஜார் என்ற புனைபெயரில் அதே பரிசை இரண்டாந் தடவையும் வாங்கி, பிரெஞ்சு இலக்கிய உலகையே ஏமாற்றியவரும் அவரே. அது தனிக் கட்டுரைக்குரிய கதை.) பிலிப் து ப்ரோக்கா, குளோட் ஷப்ரோல் ஆகியோரின் படங்களில் சீபேர்க் நடித்தார். ஆயினும் அவரது நடிப்பின் உச்சம் 1964 இல் ரொபர்ட் ரொசன் இயக்கிய 'லிலித்' தான். மனநல விடுதியொன்றில் வாழும் பெண்ணாக, பார்ப்பவரை மயக்கியபடியே அச்சுறுத்தும் பாத்திரம். ரொசன், 1953 இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் தம் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். அவரது இறுதிப் படம் இது. அமெரிக்காவில் அப்போது அதைக் கவனித்தோர் குறைவு.

1969 இல் 'பெயின்ட் யுவர் வாகன்', 1970 இல் 'எயார்போர்ட்' என்று ஹொலிவூட்டின் பெருஞ்செலவுப் படங்களுக்கு அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். சம்பாதித்த பணத்தில் ஒரு பங்கைத் தமக்கு நியாயமெனப் பட்ட காரியங்களுக்குக் கொடுத்தார். சொந்த ஊருக்கு அருகில் வாழும் மெஸ்க்வாக்கிப் பழங்குடிப் பிள்ளைகளின் கூடைப்பந்து அணிக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தார். கறுப்புச் சிறுத்தைகள் கட்சிக்கும் கொடுத்தார். அக்கட்சி ஏழைச் சிறுவர்களுக்கு இலவசக் காலை உணவு வழங்கியது. ஆயுதத்தையும் பகிரங்கமாக ஏந்தியது. ஜே. எட்கர் ஹூவரின் எவ்.பி.ஐ. அதை நாட்டின் உட்பகையாகக் கருதியது. சீபேர்க் அக்கட்சிக்குக் கொடுத்த தொகை மொத்தம் 10,500 டொலர் என்று எவ்.பி.ஐ.யின் கோப்பிலே குறிப்பு இருக்கிறது.

இனித்தான் அந்தப் பந்தியின் கதை வருகிறது.

1970 ஏப்ரலில் சீபேர்க் கருவுற்றிருந்தார். காரியுடனான மணவாழ்வு அப்போது முறிந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 27 ஆந் திகதி எவ்.பி.ஐ.யின் லொஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகம் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அந்தக் குழந்தையின் தந்தை கறுப்புச் சிறுத்தைகள் கட்சியின் முக்கியஸ்தர் ஒருவர் என்று ஹொலிவூட் கிசுகிசு எழுத்தாளர்களிடம் செய்தி பரப்ப அனுமதி வேண்டும். அவரைச் சங்கடப்படுத்தவும் பொதுமக்களிடையே அவரது மதிப்பைக் கெடுக்கவும் அது உதவும் என்பதே கடிதத்தின் சாரம். மே 6 ஆந் திகதி தலைமையகம் பதில் எழுதியது. இந்த நடிகையைச் செயலிழக்கச் செய்யவேண்டும் என்பதில் அதற்கு மறுப்பில்லை. ஆனால் கர்ப்பம் வெளியே தெரியும்வரை இரண்டு மாதமளவில் பொறுத்திருந்தால் தகவல் எங்கிருந்து வந்ததென்ற சந்தேகம் எழாது என்று அது ஆலோசனை கூறியது. காரியாலயக் கடிதங்களுக்கே உரிய வரட்சியான மொழியில் எழுதப்பட்ட இந்த ஆவணங்கள் பின்னர் பகிரங்கமாகின. ஒரு பெண்ணின் வயிறு எப்போது தெரியத் தொடங்கும் என்று அரச செலவில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு மாதம் எவரும் பொறுக்கவில்லை. மே 19 ஆந் திகதி 'லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' பத்திரிகையில் ஜோய்ஸ் ஹேபரின் பத்தியில் 'மிஸ் ஏ' என்ற நடிகையைப் பற்றிய துணுக்கொன்று வெளிவந்தது. பெயர் இல்லை. ஆனால் ஹொலிவூட்டை அறிந்த எவரும் பத்து விநாடியில் பெயரைச் சொல்லிவிடக்கூடிய அளவுக்கு அடையாளங்கள் இருந்தன.

எவ்.பி.ஐ. கேட்ட அனுமதிக்கும் இந்தத் துணுக்குக்கும் இடையில் யாருடைய கை இருந்தது என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் தகவல் அப்போதைய நகரச் செய்தி ஆசிரியரின் மேசை வழியாக ஹேபரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை அந்தப் பத்திரிகையே 2002 இல் தன் பக்கங்களில் எழுதியது. இதுதான் நான் கவனிக்க வேண்டுமென்று சொல்லும் இடம். நான் வேலை செய்த செய்தி மேசைகள் எல்லாவற்றிலும் 'நம்பகமான வட்டாரங்கள்' என்ற தொடர் நாள் தவறாமல் புழங்கியது. அந்தத் தொடர் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்போது வட்டாரம் எது என்ற கேள்வி கழன்று விழுந்துவிடும். நம்பகம் மாத்திரம் மிஞ்சும். கீழே இருப்பவர், மேலேயிருந்து வந்ததால் நம்புகிறார். மேலே இருப்பவர், தாம் வெறுமனே கடத்திவிட்டதாக நினைக்கிறார். எழுதியவருக்கும் ஆசிரியருக்கும் இடையே எவரும் அந்தப் பெண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை. பெயர் போடாததால் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணியிருக்கலாம். பெயரில்லாத் துணுக்கின் பெரிய வசதி அது.

ஒகஸ்டில் 'நியூஸ்வீக்' சஞ்சிகை அந்த ஒப்பனையையும் கழற்றி எறிந்தது. 24 ஆந் திகதியிட்ட இதழில் சீபேர்க்கின் பெயரையே போட்டு, குழந்தையின் தந்தை ஒரு கறுப்பினச் செயற்பாட்டாளர் என்று எழுதியது. இதழ் அந்தத் திகதிக்குச் சில நாட்கள் முன்பே கடைகளுக்கு வந்துவிட்டது. ஒகஸ்ட் 23 ஆந் திகதி ஜெனீவாவில் சீபேர்க்குக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நீனா என்று பெயரிட்டார்கள். இரண்டு நாளில் குழந்தை இறந்தது.

குழந்தையின் உடலை அவர் மார்ஷல்டவுனுக்குக் கொண்டுசென்றார். பேழையைத் திறந்து வைத்தார். ஊரார் வந்து பார்த்துச் சென்றார்கள். குழந்தையின் நிறத்தை அவர்களே கண்ணால் காணட்டும் என்பதுதான் நோக்கம். இதைப் பற்றி எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. நிறபேதத்துக்கு எதிராகப் பதினான்கு வயதில் உறுப்பினர் அட்டை வாங்கிய பெண், முப்பத்தொரு வயதில், இறந்த குழந்தையின் நிறத்தைச் சாட்சியாக முன்வைக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். குழந்தை கறுப்பாகவே பிறந்திருந்தாலும் அதில் எவருக்கு என்ன குற்றம் என்று கேட்க அன்றைக்கு அந்த ஊரில் இடமிருக்கவில்லை.

சீபேர்க்கும் காரியும் 'நியூஸ்வீக்' மீது பாரிஸில் வழக்குத் தொடுத்து வென்றனர். கிடைத்த நட்டஈடு சுமார் 10,800 டொலர். எவ்.பி.ஐ. கோப்பில் குறித்த நன்கொடைத் தொகையோடு அது கிட்டத்தட்டச் சரி சமம்.

அதன்பின் ஹொலிவூட் அவரைத் தேடவில்லை. ஐரோப்பாவில் கிடைத்த படங்களில் நடித்தார். பல நினைவில் நிற்பவை அல்ல. 1974 இல் இரண்டு காரியங்கள் நடந்தன. 'பலட் ஃபோர் த கிட்' என்ற குறும்படமொன்றைத் தாமே இயக்கினார். பிலிப் கரெல் என்ற இளம் இயக்குநர் 'லே ஓத் சொலித்தூட்' என்ற படத்தை எடுத்தார். ஒலியே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம். கதை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. பெரும்பகுதி நேரம் சீபேர்க்கின் முகத்தையே கமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. முடி வளர்ந்திருக்கிறது. ஷான்ஸ் எலிசே பெண்ணின் சாயல் எப்போதாவது ஒரு கணம் வந்து போகிறது. பொறுமை உள்ளவர்களுக்கான படம். ஆனால் ஒரு நடிகை, வசனமும் அலங்காரமும் கதையும் இல்லாமல் தம்மை ஒரு கமராவிடம் இவ்வளவு ஒப்படைத்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை.

1979 ஒகஸ்ட் 30 ஆந் திகதி அவர் பாரிஸில் காணாமற் போனார். செப்டெம்பர் 8 ஆந் திகதி, வீட்டுக்கு அண்மையில் நிறுத்தப்பட்டிருந்த அவரது காருக்குள் உடல் கண்டெடுக்கப்பட்டது. வயது நாற்பது. தற்கொலையாக இருக்கலாம் என்றனர் பொலிசார். ஆயினும் அவரது உடலில் இருந்த மதுவின் அளவு காரணமாக, அந்நேரம் உடனிருந்து உதவத் தவறியவர்கள் எவரென்று அறிய மறு ஆண்டு 'பெயர் தெரியாதோர்' மீது வழக்குப் பதிவாகியது. அதன் முடிவில் எவரும் தண்டிக்கப்படவில்லை.

காரி பத்திரிகையாளர்களைக் கூட்டி, எவ்.பி.ஐ.தான் இதற்குப் பொறுப்பு என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். குழந்தை இறந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் அவர் உயிரை மாய்க்க முயன்றார் என்றும் சொன்னார். பலர் அதை முன்னாள் கணவரின் துயரப் பேச்சாகவே எடுத்துக்கொண்டனர். ஆனால் செப்டெம்பர் 14 ஆந் திகதி, உடல் கிடைத்து ஆறாம் நாள், எவ்.பி.ஐ. தானே 1970 ஆம் ஆண்டு ஆவணங்களை வெளியிட்டுத் திட்டத்தை ஒப்புக்கொண்டது. அப்போது அதன் பணிப்பாளராக இருந்த வில்லியம் வெப்ஸ்டர், அத்தகைய நடவடிக்கைகளின் காலம் முடிந்துவிட்டது என்றார். ஹூவர் 1972 இலேயே இறந்துவிட்டார். பொறுப்பேற்று நீதிமன்றத்தில் நின்றவர் எவருமில்லை. காரியும் 1980 டிசெம்பர் 2 ஆந் திகதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர் படத்தில் விற்ற பத்திரிகையும் இன்று அந்தப் பெயரில் இல்லை. நியூயோர்க்கில் 'ஹெரால்ட் ட்ரிபியூன்' 1966 இல் நின்றுபோனது. பாரிஸ் பதிப்பு 'இன்டர்நேஷனல் ஹெரால்ட் ட்ரிபியூன்' ஆகி, 2013 இல் 'நியூயோர்க் டைம்ஸ்' குடும்பத்தின் பெயருக்கு மாறியது. ரீசேர்ட் மட்டும் இன்னும் விற்பனையாகிறது.

சீபேர்க்கைப் பற்றிய படங்களும் வந்துவிட்டன. 2019 இல் கிறிஸ்டன் ஸ்டுவர்ட் அவராக நடித்த படம் எவ்.பி.ஐ. ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. 2025 இல் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'நூவெல் வாக்', 1959 கோடையின் அந்தப் படப்பிடிப்பை மறுபடி உருவாக்கியது. முதலாவதில் அவர் வேட்டையாடப்படுபவர், இரண்டாவதில் கொதாரின் கதாநாயகி. இரண்டையும் பார்த்தவர்கள் அத்தோடு நின்றுவிடாமல் 'லிலித்' படத்தைத் தேடிப் பாருங்கள். அதில் அவர் எவருடைய பத்திரிகையையும் விற்கவில்லை, எவருடைய கோப்பிலும் இல்லை, நடித்துக்கொண்டிருக்கிறார்.